கிழி, ஒத்தடம், ஈரத்துணிக் கட்டு: நாள்பட்ட நோய்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்கால் தேய்மானம், இடுப்பு வலி, குதிகால் வலி என்று வருடக்கணக்கில் வலியோடு வாழ்கிறவர்கள் வீட்டில் பழைய வேட்டித் துண்டு ஒன்று தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கும். உப்பையோ தவிட்டையோ நொச்சி இலையையோ வறுத்து, அதில் முடிந்து, வலிக்கிற இடத்தில் ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். சித்த மருத்துவத்தில் புற மருந்துகள் 32 வகை. அவற்றில் கட்டு, ஒற்றடம், பொட்டணம், சீலை என்று பலவும் துணியை நம்பியவை. இதை எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இப்படித் துணியில் முடிந்த சூடான கிழி இறுகிப்போன தசையைத் தளர்த்துகிறது, அந்த இடத்தில் ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, கொஞ்ச நேரத்துக்கு வலியை மட்டுப்படுத்துகிறது. பிசியோதெரபி மையங்களில் வைக்கும் ஹாட் பேக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஆனால் துணி செய்யும் வேலை என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது சூட்டைக் கொண்டுபோகும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், அழுத்தம் கொடுக்கும். ஒத்தடச் சூடு தோலுக்குக் கீழே ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போவதில்லை. முழங்கால் மூட்டு தோலுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே நன்றாகத் தெரியும். இடுப்புப் பந்துக்கிண்ண மூட்டு சதைக்குள் ஆழத்தில் இருப்பதால் அதுவரை சூடு போய்ச் சேராது. மேலே உள்ள தசைதான் இளகும். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது, சர்க்கரை இறங்காது.

உணர்ச்சி குறைந்த காலில் சூடு

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்ச்சி மெல்ல மெல்லக் குறையும். எரிச்சல், மதமதப்பு, பஞ்சில் நடப்பது போன்ற தன்மை எல்லாம் வரும். அந்த எரிச்சலுக்கும் மதமதப்புக்கும் நிவாரணம் தேடித்தான் பலர் ஒத்தடத்துக்கு வருகிறார்கள். அதாவது, சூடு தெரியாத காலுக்குத்தான் வீட்டில் அதிகம் சூடு வைக்கப்படுகிறது. "இன்னும் கொஞ்சம் சூடா வை, ஒண்ணுமே தெரியல" என்று அப்பா சொல்வார், மகள் கல் உப்பை இன்னும் வறுத்துக் கொண்டுவருவாள். மறுநாள் காலையில் பாதத்தில் கொப்புளம் இருக்கும். சர்க்கரை உள்ள காலில் கொப்புளம் உடைந்தால் புண் சீக்கிரம் ஆறாது. கிருமி உள்ளே போனால் விரலையோ காலையோ எடுக்கிற நிலைவரை போகலாம். தொழுநோயால் உணர்ச்சி இழந்த கைகால்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

60 டிகிரி செல்சியஸ் சூட்டில் தோல் ஒரு சில நொடிகளிலேயே ஆழமாக வெந்துவிடும். 44 டிகிரி என்பது கைக்கு இதமான வெதுவெதுப்பு மாதிரிதான் இருக்கும். அதுவே ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் தோல் வெந்துபோகும். கிழியைக் காலடியில் வைத்தபடி தூங்கிப்போகக் கூடாது என்பது இதனால்தான்.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்தது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. மொத்தம் ஆறு தொடுதல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று பொருள். அந்தக் காலுக்கு ஒத்தடம் வேண்டவே வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். உணர்ச்சி சரியாக இருந்தாலும் கிழியின் சூட்டை நோயாளியே சோதித்துப் பார்க்கக் கூடாது. வைத்துவிடுகிறவர் தன் முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, மேலே துணி போட்டு மிதிக்கச் சொல்வார்கள். கிராமத்தில் பல தலைமுறையாக நடக்கிற வைத்தியம். சூட்டை உணரக்கூடிய, சர்க்கரை இல்லாத ஆள் நிதானமாகச் செய்தால் சுகமாகத்தான் இருக்கும். செங்கல் எவ்வளவு சூடு பிடித்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரியாது, அது லேசில் ஆறவும் ஆறாது. சர்க்கரை நோயாளி இதைத் தொடவே கூடாது.

இலையும் பூண்டும்

எருக்கிலையை உள்ளங்காலில் வைத்துத் துணியால் கட்டி, மேலே சாக்ஸ் போட்டுக்கொண்டால் சில நாளில் சர்க்கரை குறையும் என்று ஒரு செய்தி பல வருடங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அனுப்புகிறவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் எருக்கம்பால் தோலை அரிக்கும், கொப்புளம் உண்டாக்கும். கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். அப்படிப்பட்ட இலையை, உணர்ச்சி குறைந்திருக்கக்கூடிய காலில், காற்றுப் புகாமல், பகல் முழுக்கக் கட்டி வைப்பதைவிட மோசமான யோசனை சர்க்கரை நோயாளிக்குச் சொல்ல முடியாது. உங்கள் குடும்பக் குழுவில் இந்தச் செய்தி வந்தால் பதில் எழுதி நிறுத்துங்கள்.

பூண்டை அரைத்துத் துணியில் தடவி மூட்டில் கட்டுவதும் அப்படியே. பச்சைப் பூண்டு விழுது தோலில் கிடந்தால் நெருப்புப் பட்டது போலவே வெந்துபோகும். மருத்துவ இதழ்களில் இப்படிப்பட்ட காயங்கள் நிறையப் பதிவாகியிருக்கின்றன. கடுகுப் பற்றும் நேரம் கூடினால் கொப்புளிக்கும். சேராங்கொட்டை இன்னும் கடுமையானது. சலவைத் தொழிலாளர்கள் துணியில் அழியாத குறி போட அதன் சாற்றைத்தான் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த வெளிநாட்டுப் படைவீரர்களுக்கு, சட்டையில் அந்தக் குறி படுகிற இடத்தில் தோல் வெடித்துப் புண்ணானதை மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நச்சை நீக்கும் முறைப்படி சுத்திகரிக்காமல் சேராங்கொட்டையை வீட்டில் எவரும் கையாளக் கூடாது.

நொச்சி, புளிய இலை, ஆமணக்கு இலை ஆகியவற்றை வதக்கிக் கிழி கட்டுவதில் பெரும்பாலோருக்குச் சிக்கல் இல்லை. முதல் தடவை கையில் சின்ன இடத்தில் வைத்து ஒரு நாள் பார்த்துக்கொள்வது நல்லது.

எந்தத் துணி?

கடையில் 'காட்டன்' என்று தருகிற துணியில் பாலியெஸ்டர் கலந்திருப்பது சாதாரணம். பாலியெஸ்டர் சுமார் 250 டிகிரியில் உருகும். அடுப்பில் நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியும் அதில் வறுத்த மணலும் அந்தச் சூட்டை எட்டக்கூடியவை. உருகிய நூல் தோலில் ஒட்டினால் பிய்த்து எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். ஓரத்தில் ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து தூளாகும், கலப்பு நூல் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும்.

பலமுறை துவைத்து மென்மையான வேட்டியோ காடாத் துணியோ போதும். புதுத் துணி என்றால் கஞ்சியும் சாயமும் போக இரண்டு முறை அலசிவிடுங்கள். எண்ணெய் ஊறிய கிழித் துணியை அப்படியே சுருட்டி அலமாரியில் வைத்து மறுவாரம் எடுக்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் பூஞ்சை பிடித்திருக்கும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி பயன்படுத்துங்கள்.

சிவந்து வீங்கிய மூட்டு

மூட்டு வலி என்றாலே ஒத்தடம் என்று நினைக்கிறோம். மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டாலே கொதிக்கிறது என்றால் உள்ளே அழற்சி உச்சத்தில் இருக்கிறது. கால் பெருவிரலில் திடீரென்று வரும் கவுட் என்ற மூட்டு வீக்கம், முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) திடீரெனக் கூடுவது ஆகிய நேரங்களில் சூடு வைத்தால் வலி கூடும். குளிர்ந்த நீரில் நனைத்த துணி அப்போது இதம் தரும். அதோடு காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்க வாய்ப்புண்டு. அங்கே ஒத்தடமும் வேண்டாம், உருவிவிடவும் வேண்டாம்.

ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தினமும் நீண்ட நேரம் சூடு வைத்தால் தோலில் வலை பின்னியது போலப் பழுப்புக் கோடுகள் விழும். காஷ்மீரில் குளிருக்காகக் கனல் போட்ட காங்கிரிச் சட்டியை உடைக்குள் வைத்துக்கொள்கிறவர்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் இப்படித் தழும்பு விழுந்து, சிலருக்கு அதே இடத்தில் தோல் புற்றுநோய் வந்திருக்கிறது. வலைக்கோடு தெரிந்தால் அந்த இடத்துக்குச் சூட்டை நிறுத்திவிடுங்கள்.

இறுக்கிக் கட்டுவது

வெரிகோஸ் நரம்பு, அதனால் வரும் ஆறாத கால்புண், யானைக்கால் வீக்கம் ஆகியவற்றுக்கு அழுத்தக் கட்டு உண்மையிலேயே மருந்து. அந்தக் கட்டு கால்விரல் அடியிலிருந்து தொடங்கி மேலே போகப் போக இளக வேண்டும். வீட்டில் சேலைக் கிழிசலை எடுத்துக் கெண்டைக்காலில் மட்டும் இறுக்கினால் கட்டுக்குக் கீழே பாதம் இன்னும் வீங்கும். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருப்பவர்களுக்கு, அதாவது நீண்ட நாள் புகைபிடித்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஏற்படக்கூடிய அந்த நிலையில், இறுக்கிய கட்டு விரலையே கறுக்க வைத்துவிடும். பாதத்தில் நாடி பார்த்துவிட்டு டாக்டர் சொன்ன பிறகே அழுத்தக் கட்டு. யானைக்கால் உள்ளவர்கள் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துவதே பாதி வைத்தியம். அந்த இடுக்குகளில் ஈரப் பச்சிலையை வைத்துக் கட்டினால் தோல் ஊறி வெடித்து, கிருமி அந்த வழியாகத்தான் போகும்.

ஈரத்துணிக் கட்டு

19ஆம் நூற்றாண்டில் இன்றைய செக் நாட்டில் உள்ள கிராஃபன்பெர்க் என்ற மலையூரில் வின்சென்ஸ் பிரீஸ்நிட்ஸ் பரப்பிய ஈரத்துணிச் சிகிச்சை இந்திய இயற்கை மருத்துவத்திலும் வேரூன்றிவிட்டது. 1902இல் பம்பாயில் மகன் மணிலாலுக்கு டைபாய்டு கண்டபோது காந்தி ஈரத்துணியைத்தான் சுற்றினார். பையன் பிழைத்தான். ஆனால் கடவுள் அருளா, நீர்ச் சிகிச்சையா, பத்தியமும் பணிவிடையுமா, எதனால் பிழைத்தான் என்று யாரால் சொல்ல முடியும் என்று அவரே பிறகு எழுதினார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதில் நடக்கிற தவறு எளிமையானது: ஈரத்துணிக்கு மேல் உலர்ந்த கம்பளியை முழுமையாகச் சுற்றாமல் விடுவது. சரியாகச் சுற்றினால் சிறிது நேரத்தில் உள்ளே கதகதப்பு வர வேண்டும். கால் மணி நேரம் ஆகியும் உடம்பு சில்லென்றே இருந்தால் அவிழ்த்துத் துடைத்துவிட வேண்டும். வயதானவர், இதய நோயாளி, மெலிந்தவர் ஆகியோருக்கு மேற்பார்வை இல்லாமல் செய்யக் கூடாது.

குழந்தைகளின் கரப்பானுக்கு (எக்ஸிமா) தோல் மருத்துவர்களும் ஈரப் பருத்தித் துணி சுற்றச் சொல்வதுண்டு. ஈரப்பசை தரும் களிம்பு, அதன்மேல் ஈரத் துணி, அதன்மேல் உலர்ந்த துணி. மஞ்சள் பொருக்கோடு நீர் வடிகிற இடத்தில் இதைச் செய்தால் கிருமி பெருகும். ஸ்டீராய்டு களிம்பின் மேல் சுற்றினால் மருந்து பலமடங்கு உள்ளே இறங்கும், அதனால் அளவையும் நாளையும் டாக்டரே சொல்ல வேண்டும்.

மூலிகைச் சாயத் துணி

திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பாலராமபுரம் கைத்தறிக்குப் பேர்போன ஊர். மஞ்சள், வேம்பு, துளசி, சந்தனம் எல்லாம் சேர்த்துச் சாயம் ஏற்றிய 'ஆயுர்வஸ்திரா' துணி அங்கிருந்து வருகிறது. ரசாயனச் சாயம் ஒத்துக்கொள்ளாத தோலுக்கு இப்படிப்பட்ட துணி உறுத்தாமல் இருக்கலாம், நெசவாளருக்கும் வேலை. வாங்கி உடுத்துங்கள். ஆனால் அதை உடுத்தினால் சர்க்கரை குறையும், மூட்டுவாதம் போகும் என்று விற்பவர் சொன்னால் நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. மஞ்சளே ஒவ்வாமல் அரிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வலி அடங்கியதும் மறைந்துபோவது

ஒத்தடம் வலியைக் குறைக்கிறது என்பதே சில நேரம் ஆபத்து. இடுப்பு வலியோடு மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். காலையில் எழுந்து அரைமணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காமல் இறுகியிருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தை முதல் மாதங்களிலேயே தொடங்கினால்தான் மூட்டுச் சிதைவைத் தடுக்க முடியும், சிதைந்தது திரும்பாது. மார்பில் கட்டி என்றால் ஒத்தடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. கருப்பைக் கட்டியை விளக்கெண்ணெய்த் துணிக் கட்டு கரைக்காது. கர்ப்பிணிகள் அந்தக் கட்டை வயிற்றில் போடவே வேண்டாம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். வலித் தைலமோ மிளகாய்ச் சத்துக் களிம்போ தடவிய இடத்தில் உடனே சூடு வைத்தால் தோல் எரிந்துபோகும். கழுவித் துடைத்த பிறகே கிழி. இன்சுலின் போட்ட இடத்தில் சூடு பட்டால் மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். தொடையில் ஊசி போடுகிறவர்கள் தொடைக்கு ஒத்தடம் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும், அல்லது ஊசி போடும் இடத்தை வயிற்றுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.