ஆன்டிஃப்ரீஸ் போட்டாச்சு, இனிக் கவலையில்லையா? குளிரில் கான்கிரீட் போடும்போது நடக்கும் தவறுகள்

லடாக்கின் லே நகரில் அக்டோபர் பாதியைத் தாண்டிவிட்டால் பகலில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வேலை பார்க்கலாம்; விடியற்காலையில் வாளித் தண்ணீரின் மேல் ஐஸ் தட்டு மிதக்கும். அந்த வருடத்தின் கடைசித் தளங்கள் இந்தச் சமயத்தில்தான் போடப்படும். பனி கொட்டி மலைப்பாதை மூடுவதற்குள் முடித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் சைட்டில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: “ஆன்டிஃப்ரீஸ் போட்டாச்சு சார், இனிக் கவலையில்லை.” நான் அங்கே இருந்த இரண்டு சீசனிலும் பாதி வம்பு இந்த ஒரு நம்பிக்கையிலிருந்துதான் வந்தது.

ஆன்டிஃப்ரீஸ் என்பது கலவைத் தண்ணீர் உறையாமல் இருக்கச் சேர்க்கும், கேனில் வரும் மருந்து. அந்த கேனில் இருப்பது சூடு இல்லை. உப்பு கரைந்த தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் சற்று நேரம் உறையாமல் இருக்குமல்லவா, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. கலவைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். இன்னும் இறுகாத சிமென்ட் பசையை அந்த விரிவு உள்ளுக்குள்ளேயே பிளந்துவிடும். தண்ணீரைத் திரவமாக வைத்திருந்தால் சிமென்ட் மெதுவாகவாவது வேலை செய்யும். மெதுவாக என்பதுதான் முக்கியம். குளிரில் கிடக்கும் தளம், 20 டிகிரியில் கிடக்கும் அதே கலவையோடு நாள் கணக்கில் போட்டி போட முடியாது. ‘கான்கிரீட்டுக்கு வலு சேர்க்கும் மருந்து’ என்று விற்பனைக்காரர் சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள்.

சும்மா சீக்கிரம் இறுகவைக்கும் அட்மிக்ஸரை (கலவையில் சேர்க்கும் மருந்தை) ஆன்டிஃப்ரீஸ் என்று நினைத்துப் போடுவது அடுத்த தவறு. பழைய ஆட்கள் இன்றும் இதற்குக் கால்சியம் குளோரைடைக் கேட்பார்கள். சிமென்ட் எடையில் 2 சதவீதம் போட்டால் தண்ணீரின் உறைநிலை இறங்குவது ஏறத்தாழ 2 டிகிரிதான். இரவில் மைனஸ் 10 ஆகும் ஊரில் அது எதற்கு ஆகும்? குளோரைடால் கம்பி துருப்பிடிக்கும் கேடு இதைவிடப் பெரிது. ஒரு கன மீட்டருக்கு 350 கிலோ சிமென்ட் என்று வையுங்கள். 2 சதவீதம் என்றால் 7 கிலோ. ஈரமில்லாத கால்சியம் குளோரைடில் சுமார் 64 சதவீதம் குளோரைடு, ஆக நாலரைக் கிலோ. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரவிதி அனுமதிக்கும் மொத்தக் குளோரைடு கன மீட்டருக்கு 0.6 கிலோ. ஏழு மடங்கு! கம்பி கட்டிய எதிலும் இதைத் தொடவே கூடாது.

குளோரைடு இல்லாததெல்லாம் பத்திரம் என்றும் இல்லை. பழைய சோவியத் நாடுகளில் அதிகம் புழங்கிய பொட்டாஷ் (பொட்டாசியம் கார்பனேட்), சோடியம் நைட்ரைட் இரண்டும் கலவையில் காரத்தை ஏற்றும். ஜல்லி காரத்தோடு வினைபுரியும் ரகமாக இருந்தால் பிற்பாடு கான்கிரீட் உப்பி வெடிக்கும். சீனாவில் யூரியா கலந்த மருந்து போட்டுக் கட்டிய அடுக்குமாடி வீடுகளில், குடிவந்தவர்கள் அம்மோனியா நெடி தாங்காமல் புகார் செய்தார்கள். கடைசியில் அட்மிக்ஸரிலிருந்து வெளியேறும் அம்மோனியா 0.10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2001-இல் அங்கே தரவிதியே வந்தது. கேனில் என்ன இருக்கிறது என்று தயாரிப்பாளரின் தாளைப் படிக்காமல் மூடியைத் திறக்காதீர்கள்.

தண்ணீர்க் கணக்கை யாரும் கவனிப்பதில்லை. மருந்தை சிமென்ட் மூட்டைக் கணக்கில் அளந்து ஊற்றினாலும், அது காப்பாற்ற வேண்டியது கலவையில் இருக்கும் மொத்தத் தண்ணீரையும். 700 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் இருந்தால் அதுவே 35 லிட்டர். அதைக் கழிக்காமல், கலவைக்குக் கணக்கிட்ட 175 லிட்டரையும் மிக்சரில் ஊற்றினால் மருந்து நீர்த்துப்போகும், கலவையும் தளர்ந்துவிடும். மணல் குவியலின் மேல் பனி படிந்திருந்தால் கணக்கு இன்னும் கெடும். ராத்திரியே தார்ப்பாய் போட்டு மூடிவிடுவது நல்லது.

தண்ணீரைச் சூடாக்குவது நல்ல பழக்கம்தான், மருந்தைவிடவும் நல்லது என்பேன். ஆனால் 60 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை நேராக சிமென்ட் மேல் ஊற்றினால் மிக்சரிலேயே இறுகிப் போகும். முதலில் ஜல்லி, மணலோடு தண்ணீரைச் சுற்றவிட்டு, சூடு தணிந்த பிறகு சிமென்ட்டைப் போடுங்கள். சிமென்ட் வாங்கும்போதும் ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்) வாங்குங்கள்; சாம்பல் கலந்த பிபிசி குளிரில் இன்னும் சோம்பல்படும். சென்ட்ரிங் பலகையில் ஒட்டியிருக்கும் ஐஸை வெந்நீர் ஊற்றிக் கரைப்பவர்களும் உண்டு. அந்த வெந்நீரே மூலையில் போய் மறுபடி உறைந்து நிற்கும். சுரண்டி எடுத்து, சூடான காற்றை ஊதுங்கள். உறைந்த மண்ணின் மேல் அஸ்திவாரம் போடவே வேண்டாம். வெயில் வந்ததும் மண் இளகி உட்காரும்.

போட்ட பிறகு மூடாமல் விடுவதுதான் எனக்குப் புரியவே புரியாத தவறு. சிமென்ட் இறுகும்போது தானே சூடு தரும். அதைப் பிடித்து வைக்க பிளாஸ்டிக் தாளும் அதன் மேல் வைக்கோலோ கம்பளியோ போதும். கான்கிரீட்டை 10 டிகிரியில் வைத்தால் நல்ல கலவை ஏறத்தாழ 48 மணி நேரத்தில் 3.5 மெகாபாஸ்கல் வலிமையை எட்டும். அதற்குப் பிறகு ஒருமுறை உறைந்தாலும் பெரிய சேதம் இராது. உள்ளே அடுப்பு வைத்துச் சூடேற்றுவதானால் புகையை வெளியே விடுங்கள். கரியமில வாயு இன்னும் இறுகாத தளத்தின் மேல்பரப்பைச் சுண்ணாம்புத் தூளாக்கிவிடும். உள்ளே படுத்திருக்கும் ஆளுக்குக் கார்பன் மோனாக்சைடு எமன்.

ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படிவதைப் பார்த்துவிட்டு இந்த மருந்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அங்கே அது தேவையே இல்லை. மதியத்துக்குள் போட்டு, இரவில் மூடினால் போதும்.

தளம் இறுகுவதற்குள் அதைத் தாங்கும் முட்டுகளை எடுத்துவிடும் தவறுதான் ஆளைக் கொல்லக்கூடியது. தளம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று பார்க்க, வெப்பநிலையோடு 10-ஐக் கூட்டி மணி நேரத்தால் பெருக்குவது ஒரு பழைய, எளிய கணக்கு. 20 டிகிரியில் மூன்று நாளில் வரும் முதிர்ச்சி, 5 டிகிரியில் வர ஆறு நாள் ஆகும். பூஜ்ஜியத்தில் ஒன்பது நாள். அந்தப் பூஜ்ஜியக் கணக்கும் தண்ணீர் உறையாமல் இருந்தால் மட்டுமே.

ஒரு சைட்டில் கியூப்களை (சோதனைக்காக வார்க்கும் கான்கிரீட் கட்டிகளை) புகாரி என்ற கணப்பு அடுப்பு எரியும் ஆபீஸ் அறையில் வைத்திருந்தார்கள். ஏழாம் நாள் சோதனையில் பிரமாதமாகத் தேறின. வெளியே தளத்தைச் சுத்தியலால் தட்டினால் கல் மாதிரி ஓசை. ஆனால் ஓரத்தில் இறகு வரைந்தது போல ஐஸ் தடம் தெரிந்தது. ஒரு கெட்டில் வெந்நீரை அந்த இடத்தில் ஊற்றி, ஆணியால் கீறிப் பார்த்தோம். கசிந்துகொண்டே மாவாக உதிர்ந்தது. அத்தனை நாளும் கெட்டியாக நின்றது சிமென்ட் இல்லை, ஐஸ். ஓரத்தை உடைத்தெடுத்தோம். மிச்சத் தளத்தின் முட்டுகளை மறு வருடம் மே மாதம் வரை தொடவில்லை.