இடம்பெயர்ந்த பள்ளிக்கூடத்துக்கு வரலாறு எழுதுவது எப்படி

யுத்தத்தால் இடம்பெயர்ந்த கத்தோலிக்கப் பள்ளி ஒன்றின் யூபிலி (ஆண்டு நிறைவு) மலருக்கு வரலாறு எழுத உட்காரும் குழு, வழக்கமாக அதிபர்களின் பெயர்ப் பலகையில்தான் கை வைக்கும். இலங்கையின் வடக்கே வன்னியில் பல பாடசாலைகளில் அந்தப் பலகையே, யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு ஞாபகத்திலிருந்து எழுதப்பட்டது. அதை நம்பி இறங்கவேண்டாம். முதலில் இடத்தைப் பிடியுங்கள்.

நீளத் தாள் ஒன்றில் ஆண்டுக்கு ஒரு வரி போடுங்கள்: பள்ளி எங்கே இயங்கியது, யாருடைய வளவு, காலையா பின்னேரமா, யார் பொறுப்பு. மல்லாவியில் வேறொரு பள்ளியின் பின்னேர நேரத்தில், மரத்தடியில், மெனிக் பாம் அகதி முகாமின் கூடாரத்தில் நடந்த வகுப்புகளுக்கும் வரி வேண்டும். வெறுமையாகக் கிடக்கும் வரிகள்தான் உங்கள் தேடல் பட்டியல்.

சண்டை வருவது தொடக்க ஆண்டில். கோயில் வளவில் குருவானவர் பள்ளியைத் தொடங்கிய ஆண்டு ஒன்று, அரச உதவிக்கொடைக்குப் பதிவானது இன்னொன்று, ஆங்கில வகுப்புத் தொடங்கியது மற்றொன்று, கல்கட்டடம் ஆசீர்வதிக்கப்பட்டது வேறொன்று. நாலும் உண்மையாக இருக்கலாம். நாலையும் ஆதாரத்தோடு எழுதி, யூபிலிக்கு எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஒன்றை மட்டும் எழுதி மற்றதை மறைத்தால் அடுத்த மலர்க்குழு உங்களைத் திருத்துவதிலேயே காலம் கழிக்கும்.

ஆவணம் எங்கே என்பதை இரண்டு மாற்றங்கள் தீர்மானிக்கின்றன. 1960இன் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவி பெற்ற பாடசாலைகள் அரசிடம் போயின. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி போலச் சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நின்றன. அரசிடம் போன பள்ளியென்றால் அதற்குப் பிந்திய கோவைகளை வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். தனியாக நின்றதென்றால் ஆயர் இல்லத்தில் அல்லது நடத்திய துறவற சபையிடம். மற்றது 1981இல் வந்தது: அந்த ஆண்டுதான் மன்னார் மறைமாவட்டம் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. மன்னார், வவுனியாப் பள்ளிகளின் பழைய கடிதங்களை யாழ்ப்பாணத்திலும் தேடவேண்டும். முல்லைத்தீவும் கிளிநொச்சியும் இன்றும் யாழ். மறைமாவட்டம்தான். பெயரையும் மாற்றி மாற்றித் தேடுங்கள்: அர்ச்., சென்., புனித, தூய, றோ.க.த.க. (றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன்) பாடசாலை எல்லாம் ஒரே பள்ளியாக இருக்கலாம்.

இனி சேர்விடாப்பு, அதாவது பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடு. அதுவும், பள்ளியில் நடந்ததை அதிபர் குறித்துவைக்கும் சம்பவத்திரட்டும் கையில் இருந்தால் வேலை பாதி முடிந்தது. இல்லையென்றால், ஊர் விட்டு ஊர் ஓடினபோதும் ஆட்கள் பொலித்தீன் பையில் காவிக்கொண்டு திரிந்த விடுகைப் பத்திரங்கள்தான் (பள்ளியை விட்டு விலகும்போது தரும் சான்றிதழ்கள்) துணை. ஒவ்வொன்றிலும் சேர்விலக்கம், சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகிய வகுப்பு, அதிபரின் கையொப்பம் இருக்கும். பழைய மாணவர்களிடம் ஐம்பது அறுபது பத்திரங்களின் படம் வாங்கிச் சேர்விலக்க ஒழுங்கில் அடுக்குங்கள். 412ஆம் இலக்கம் 1957 தையிலும் 498 1959 தையிலும் என்றால், ஆண்டுக்கு நாற்பத்துமூன்று பெடியன்கள் அளவில் சேர்ந்திருக்கிறார்கள். இலக்கம் திடீரென்று ஒன்றுக்குத் திரும்பினால் பழைய இடாப்புத் தொலைந்து புதிது திறந்திருக்கிறார்கள், அல்லது பள்ளி பிரிந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பத்திரத்திலுள்ள கையொப்பம் விலகிய நாளின் அதிபருடையது, சேர்ந்த நாளினுடையது அல்ல. அதிபர் பட்டியல் பிழைப்பது அதிகமும் இங்கேதான்.

'ஆண்கள் பாடசாலை' என்ற பெயரைக் கண்டு பெட்டைப் பிள்ளைகளை விட்டுவிடவேண்டாம். கன்னியர் மடப் பள்ளி கிட்ட இல்லாத ஊர்களில் கீழ் வகுப்புகளில் அவர்களும் படித்திருக்கக்கூடும். பெயர், பிறந்த திகதியை ஒப்பிடப் பங்கின் திருமுழுக்கு ஏடு உதவும். பழையவை இலத்தீனில் இருக்கும். இராயப்புவைப் பேத்துருஸ் என்றும் சின்னப்புவைப் பவுலுஸ் என்றும் தேடுங்கள்.

வயதானவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்காதீர்கள், வாயில் வந்த ஆண்டைச் சொல்வார்கள். 1964 மார்கழிப் புயலுக்கு முன்னமோ பிறகோ, 90 ஆனிச் சண்டைக்கு முன்னமோ, ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை நேரமோ, சுனாமிக்குப் பிறகோ என்று கேளுங்கள். பிறகு சின்ன விசயங்கள்: மணியாக என்ன தொங்கியது, யார் அடித்தது, விளையாட்டுப் போட்டி இல்லங்களின் நிறம், பாதுகாவலர் திருநாளில் யார் சமைத்தது, மடு ஆடித் திருநாளுக்கு லீவு எத்தனை நாள், விடுதிப் பெடியன்களுக்கு இரவு என்ன சாப்பாடு. பள்ளிக்கூடத்தின் சீவியம் இவற்றில்தான் கிடக்கிறது. பரிசளிப்பு விழா அறிக்கைகளில் அது வராது. ஒருவர் சொன்னதை வேறு வகுப்பில் படித்த ஒருவரிடமும் கேட்டுப் பாருங்கள். ஒரே வகுப்பில் இருந்தவர்கள் ஒரே கதையைப் பல தரம் கதைத்து ஒன்றாக்கியிருப்பார்கள்.

படங்கள்: கண்ணாடியில் ஒட்டியதை உரிக்கவேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு நிழலில் வைத்து, கறுப்புத் துணியால் பளபளப்பை மறைத்து எடுங்கள். சின்னப் படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். லமினேட் செய்யவே கூடாது. ஆட்களின் பெயரை இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக, படம் தந்தவர் முன்னாலேயே எழுதுங்கள்.

யுத்தத்தில் இறந்த, காணாமற்போன மாணவர்களின் பெயரைக் குடும்பத்தின் சம்மதமில்லாமல் அச்சிடவேண்டாம். காணாமற்போனவரை 'அமரர்' என்று போடுவது பெரிய பிழை. தாய் இன்னும் தேடிக்கொண்டிருப்பாள்.

அச்சுக்கு முன் வரைவைப் பங்குத்தந்தை, இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் என மூவரிடம் கொடுங்கள். ஸ்கேன்களும் ஒலிப்பதிவுகளும் பள்ளி அலுமாரியில் ஒரு பிரதி, வேறு மாவட்டத்தில் ஒரு பிரதி, 'நூலகம்' என்ற இணைய நூலகத்துக்கு ஒரு பிரதி.