ரொமேனியன் கிராமர் பேசிக்ஸ்: பால், ஒட்டு, அப்புறம் நம்ம "விட"

ரொமேனியன் லத்தீன்ல இருந்து வந்த மொழி, இத்தாலியன், ஃப்ரெஞ்ச், ஸ்பானிஷ் எல்லாத்துக்கும் சொந்தம், ரொமேனியாவுலயும் மோல்டோவாவுலயும் ஆட்சி மொழி. ஆப்ல ஹலோ, நன்றி எல்லாம் ஜாலியா போகும், பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால்னு ஆரம்பிச்சதும்தான் நிறைய பேர் மூடி வெச்சிடுவாங்க. அந்த இடத்தை மட்டும் இன்னைக்கு பாத்துடுவோம்.

முதல்ல ஒரு சின்ன ஏற்பாடு. வார்த்தைகளை தமிழ் எழுத்துலயே தர்றேன். கடைசியில அகரமா முடிஞ்சா (காஸ) வாயை சோம்பேறித்தனமா பாதி திறந்து சொல்ற 'அ', ஆகாரமா முடிஞ்சா (காஸா) தெளிவான 'ஆ'. இந்த ஒரு வித்தியாசத்துலயே அர்த்தம் மாறிடும், அதனால காதுல வாங்கிக்கோங்க. இன்னொரு உயிரெழுத்தும் இருக்கு, வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் அதுக்கு பயப்படுவாங்க, நமக்கு அது சும்மா தண்ணி பட்ட பாடு, "அது", "பாட்டு"ன்னு சொல்றப்ப கடைசியில உதட்டைக் குவிக்காம வர்ற குற்றியலுகரம் இருக்கே, கிட்டத்தட்ட அதேதான். எழுதும்போது மட்டும் அந்த ஒரே சத்தத்துக்கு ரெண்டு எழுத்து, வார்த்தைக்கு முதல்லயும் கடைசியிலயும் வந்தா ஒண்ணு, நடுவுல வந்தா இன்னொண்ணு, 1993ல ரொமேனியன் அகாடமி போட்ட ரூல்.

ஸ்டெப் 1: ஒண்ணு, ரெண்டு போட்டுப் பாருங்க

பால் மொத்தம் மூணு. 'ஒரு'ங்கிறதுக்கு ஆண்பால்ல உன், பெண்பால்ல ஓ. 'ரெண்டு'க்கு ஆண்பால்ல தோய், பெண்பால்ல தோவ. இப்ப பாருங்க:

உன் எலெவ், தோய் எலெவி (ஒரு மாணவன், ரெண்டு மாணவர்கள்)
ஓ காஸ, தோவ காஸெ (ஒரு வீடு, ரெண்டு வீடு)
உன் த்ரென், தோவ த்ரெனுரி (ஒரு ட்ரெயின், ரெண்டு ட்ரெயின்)

மூணாவது லைனைப் பாத்தீங்களா? ட்ரெயின் ஒண்ணா இருந்தா ஆண்பால், ரெண்டானா பெண்பால். இதைத்தான் அவங்க பொதுப்பால்னு சொல்றாங்க, தனியா எந்த விகுதியும் கிடையாது, ரெண்டு பக்கத்துலயும் கடன் வாங்கி ஓட்டுது. நாற்காலி, ஹோட்டல், டிக்கெட், ஃபோன்னு தினசரி சாமான் நிறைய இந்த கோஷ்டிதான். அதனால புது வார்த்தை எது வந்தாலும் ஒண்ணு ரெண்டு போட்டே மனப்பாடம் பண்ணுங்க, 'த்ரென்'னு மொட்டையா படிச்சா பின்னாடி அவஸ்தைதான். எலெவி, த்ரெனுரி இதுல எல்லாம் கடைசி 'இ' வெறும் மூச்சு அளவுக்குத்தான், அழுத்தாதீங்க.

ஸ்டெப் 2: 'அந்த' வால்ல ஒட்டும்

இங்கிலீஷ் 'தி' (the) மாதிரி முன்னாடி தனியா ஒரு வார்த்தை வராது. நாம 'வீட்டுல', 'வீட்டுக்கு'ன்னு உருபை ஒட்டுற மாதிரி பின்னாடி ஒட்டிடும். எலெவ் → எலெவுல், த்ரென் → த்ரெனுல், காஸ → காஸா, ஃப்ராத்தெ (சகோதரன்) → ஃப்ராத்தெலெ. பன்மையில எலெவீ, காஸெலெ, த்ரெனுரிலெ. பேசும்போது அந்த 'உல்'ல இருக்கிற 'ல்' பெரும்பாலும் காத்துல போயிடும், த்ரெனுன்னுதான் காதுல விழும், எழுதும்போது மட்டும் விடக்கூடாது.

குழந்தைங்கிற வார்த்தை கொஞ்சம் வேடிக்கை. கொப்பில்னா குழந்தை, பன்மைக்கு கடைசியில ரெண்டு 'இ', அந்தக் குழந்தைகள்னு சொல்லணும்னா மூணு 'இ' வரிசையா எழுதணும். ரொமேனியாவுல பிறந்து வளந்தவங்களே எத்தனை 'இ'ன்னு தடுமாறுவாங்க, நீங்க கவலைப்படாதீங்க.

ஒரு சின்ன டிப்: முன்னாடி 'லா' மாதிரி இடம் சொல்ற வார்த்தை வந்தா ஒட்டு பெரும்பாலும் கழண்டுடும். லா மாஸ, மேஜையில. ஆனா கூட ஒரு அடைமொழி வந்துட்டா ஒட்டு திரும்ப வந்து உக்காந்துக்கும், லா மாஸா மாரெ, பெரிய மேஜையில.

ஸ்டெப் 3: அடைமொழி பின்னாடி வரும், கூடவே மாறும்

நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல பசங்க, நமக்கு 'நல்ல' அப்படியே நிக்கும். அங்க நிக்காது. 'நல்ல'வுக்கு நாலு வடிவம் (ப-வை 'பஸ்'ல வர்ற மாதிரி சொல்லுங்க):

எலெவ் பூன், காஸ பூன, எலெவி பூனி, காஸெ பூனெ.

இது நமக்கு ரொம்ப புதுசும் இல்ல. நல்லவன், நல்லவ, நல்லவங்க, நல்லதுன்னு நாம மாத்துறோம்ல, அதையே அவங்க எல்லா இடத்துலயும் மாத்துறாங்க, அவ்வளவுதான். அதுக்கு பதிலா வினைச்சொல்லுல நிம்மதி, வந்தான் வந்தாள்னு பால் பாத்து மாத்துற வேலை அவங்களுக்கு இல்ல. ட்ரெயின் கதையை மறந்துடாதீங்க: த்ரென் பூன், ஆனா த்ரெனுரி பூனெ. மாரெ (பெரிய) மாதிரி சிலதுக்கு ரெண்டே வடிவம், ஒருமைக்கு மாரெ, பன்மைக்கு மாரி.

ஸ்டெப் 4: ஒப்பிடுறது

இதுதான் இருக்கிறதுலயே ஈஸி. அடைமொழிக்கு முன்னாடி 'மாய்', ஒப்பிடுற ஆளுக்கு முன்னாடி 'தெக்குத்' (குற்றியலுகரம் ஞாபகம் இருக்கா, அந்த 'கு'). நம்ம 'விட' பேருக்குப் பின்னாடி வரும், அவங்களோடது முன்னாடி.

துனரியா யெஸ்தெ மாய் லுங்க தெக்குத் ஒல்த்துல். டான்யூப் ஆறு ஒல்ட் ஆத்தை விட நீளம். டான்யூப் பெண்பால், அதனால லுங்க. ஒல்ட்டை முன்னாடி வெச்சு அதைவிட சின்னதுன்னு சொன்னா: ஒல்த்துல் யெஸ்தெ மாய் ஸ்குர்த் தெக்குத் துனரியா, இங்க ஆண்பால் வடிவம். மாய் எப்பவும் மாறாது, அடைமொழி மட்டும் எழுவாயைப் பாத்து மாறும்.

'என்னை விட'ன்னா தெக்குத் மீனெ. 'அதே அளவு'ன்னா லா ஃபெல் தெ … கா: மரியா யெஸ்தெ லா ஃபெல் தெ இனால்த்த கா இயோன், மரியா இயோன் அளவுக்கே உயரம். இங்கிலீஷ்ல குட், பெட்டர்னு தலைகீழா மாறுற தொல்லை இங்க இல்ல, 'பூன்'னுக்கும் மாய் பூன்தான்.

'எல்லாத்தையும் விட'ங்கிறதுக்கு மட்டும் முன்னாடி இன்னொரு துண்டு, அதுவும் பால் பாத்து மாறும்: ச்செல் மாய் பூன், ச்சா மாய் பூன, ச்செய் மாய் பூனி, ச்செலெ மாய் பூனெ. ரொமேனியாவுல உசந்த சிகரம் மொல்டொவியானு, 2,544 மீட்டர், சிகரம் பொதுப்பால் ஒருமை, அதனால அது ச்செல் மாய் இனால்த்.

நீங்களே பண்ணிப் பாருங்க

தக்காளி (பன்மையில ரொஷீலெ, பெண்பால்), உருளைக்கிழங்கு (பன்மையில கார்தோஃபீ, ஆண்பால்), யெஃப்தின் (விலை கம்மி), ஸுன்த் (பன்மைக்கு 'இருக்கு'). இதை வெச்சு தக்காளி உருளைக்கிழங்கை விட சீப்னு சொல்லுங்க, அப்புறம் திருப்பியும் சொல்லுங்க.

ரொஷீலெ ஸுன்த் மாய் யெஃப்தினெ தெக்குத் கார்தோஃபீ.
கார்தோஃபீ ஸுன்த் மாய் யெஃப்தினி தெக்குத் ரொஷீலெ.

ரெண்டுலயும் கடைசி எழுத்து ஏன் மாறுச்சுன்னு டக்குனு தெரியலைன்னா ஸ்டெப் 3 இன்னொரு வாட்டி.