பறக்கும் நேரத்துக்கு ஒரு மனக்கணக்கு
விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும் என்று தெரிய வேண்டுமா? கிலோமீட்டரை 900-ஆல் வகுத்து, ஏற இறங்க முக்கால் மணி நேரம் சேருங்கள். லண்டன் - நியூயார்க் சுமார் 5,550 கி.மீ.; கணக்குப்படி கிட்டத்தட்ட 7 மணி நேரம். ஆனால் நியூயார்க் போகும்போது 8 மணி நேரம்கூட ஆகும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேல்காற்று எதிரே தள்ளுவதால்தான் அப்படி. திரும்பும்போது அதே காற்று உதவும்.

தூரத்தைத் தட்டையான வரைபடத்தில் அளந்தால் ஏமாற்றம்தான். உருண்டைக் கோளத்தில் ஒரு நூலை டோக்கியோவிலிருந்து நியூயார்க்குக்கு இழுத்துப் பிடியுங்கள், அலாஸ்கா வழியாகப் போகும்!

அப்புறம், டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிட்னியில் காலையில் ஏறினால், லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் காலையிலேயே இறங்கலாம். நேரடியாகக் கழித்துப் பார்க்காதீர்கள்.