தாருக்கு வெயில் காப்புச் சேர்மானம்: சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலைத் தாரை வெயிலின் புற ஊதாக் கதிர் இறுக்கிவிடாமல் காக்கக் கலக்கும் பொருள்தான் வெயில் காப்புச் சேர்மானம். போன வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த இருவர் அதைச் சோதிக்கப் புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு தட்டிலும் 50 கிராம் தார். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு. எடையைச் சரிபார், அதிகம் சூடாக்காதே என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித்தருவார்கள். யாரும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

தடிமனான படலம்

50 கிராம் என்பது மெல்லிய படல அடுப்புச் சோதனையின் (தாரை அடுப்பில் சூடாக்கி மூப்படையச் செய்யும் சோதனை) கணக்கு. 140 மி.மீ. விட்டமுள்ள தட்டில் ஊற்றினால் சுமார் 3 மி.மீ. தடிமன் வரும். அடுப்புச் சூடு அடிவரை இறங்கும், அதனால் அங்கே அது சரி. ஒளி அப்படி இறங்காது. புற ஊதாக் கதிரைத் தார் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். சில மைக்ரான் ஆழத்துக்குக் கீழே அநேகமாக ஒன்றும் போய்ச் சேராது.

நான் அந்தத் தவறைச் செய்த அன்று ஆறு வாரம் விளக்கு எரிந்தது. வெளியே எடுத்தபோது தாரின் பளபளப்பு போய், காய்ச்சிய பாலில் ஆடை படிந்தாற்போல மேலே சுருக்கம் விழுந்திருந்தது. கண்ணால் பார்த்தும், வழக்கப்படி எல்லாவற்றையும் உருக்கிக் கலக்கி மென்மையாகும் வெப்பநிலையை அளந்தேன். சேர்மானம் போட்டதும் போடாததும் ஏறக்குறைய ஒரே எண். பயனில்லை என்று எழுதி அந்தச் சேர்மானத்தையே ஒதுக்கிவிட்டேன். இறுகிப்போன தோலை நல்ல தாரில் கரைத்துவிட்டு அளந்தால் வித்தியாசம் எப்படித் தெரியும்? மறுபடி 5 கிராம் ஊற்றி, 0.3 மி.மீ. படலமாகச் செய்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. ஆறு வார விளக்கு நேரம் போனது போனதுதான். அதனால்தான் 50 கிராம் தட்டைப் பார்த்தாலே இன்றும் எரிச்சல் வருகிறது.

"5 கிராமை வைத்து என்ன அளக்க முடியும்?" என்று கேட்பார்கள். தாரை முறுக்கி அதன் விறைப்பை அளக்கும் டி.எஸ்.ஆர். கருவிக்கு அரை கிராம் போதும். தோலை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் அகச்சிவப்பு நிறமாலை இருக்கிறது: தார் ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் கார்போனைல் 1700, சல்ஃபாக்சைடு 1030 அலை எண்ணை (செ.மீ.⁻¹) ஒட்டி வரும்.

இருட்டுத் தட்டு வைக்காதது

விளக்கின் சூடும் தாரை இறுக்கும். சூட்டின் பங்கையும் ஒளியின் பங்கையும் பிரித்தறிய, அதே பெட்டியில் அலுமினியத் தாளால் மூடிய தட்டு ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

பி.ஏ.வி. முடிவை மட்டும் நம்புவது

பி.ஏ.வி. என்பது காற்றழுத்தத்திலும் சூட்டிலும் தாரை மூப்படையச் செய்யும் கலம்: 20 மணி நேரம், 2.1 மெகாபாஸ்கல் அழுத்தம். உள்ளே முழு இருட்டு, அதனால் வெயில் காப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

எந்த டைட்டானியம் டை ஆக்சைடு என்று கேட்காதது

புற ஊதாவைத் தடுக்கச் சேர்க்கும் இந்த வெள்ளைத் தூளில் இரண்டு வகை உண்டு. அனட்டேஸ் வகை ஒளிபட்டால் வினையூக்கியாக மாறித் தாரையே அரிக்கக்கூடும். மேற்பூச்சிட்ட ரூட்டைல் வகையைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், இதன் அடர்த்தி தாரைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. சூடான தாரில் மெல்ல அடியில் தங்கிவிடும். கலவையைக் குழாயில் ஊற்றி 163 டிகிரியில் 48 மணி நேரம் நிறுத்தி வையுங்கள். பிறகு மேல் பகுதியையும் அடிப் பகுதியையும் தனித்தனியாக வெட்டி அளந்து பாருங்கள்.