புக்யாலில் பட்டாம்பூச்சி: வெயிலைக் கவனிக்காததால் வரும் தவறுகள்

உத்தராகண்டில் மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே புக்யால் எனப்படும் புல்வெளிகள் விரிகின்றன. ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும் பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவிலும் இவற்றைப் பார்க்கலாம். பட்டாம்பூச்சியைப் படம் எடுக்க அங்கே போகிறவர்கள் லென்ஸைப் பற்றி ஆயிரம் யோசிப்பார்கள், வெயிலை மறந்துவிடுவார்கள்.

பறக்க வேண்டுமானால் பட்டாம்பூச்சியின் உடல் ஏறக்குறைய 30 டிகிரிக்குச் சூடாக வேண்டும். 3,500 மீட்டர் உயரக் குளிரில் அதற்கு வெயில்தான் கதி. மேகம் மறைத்ததும் எல்லாம் புல்லுக்குள் இறங்கிவிடும். 'இங்கே ஒன்றுமில்லை' என்று அப்போது நடையைக் கட்டாதீர்கள். அதே இடத்தில் காத்திருந்தால், வெயில் வந்ததும் காலடியிலிருந்தே எழும்பும்.

பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் தங்கும் ஊரான காங்கரியாவிலிருந்து சாவகாசமாகக் கிளம்புவதும் தவறுதான். மதியத்துக்குள் மேகம் ஏறிவிடுவது அங்கே சகஜம்.

காலையில் நீல அப்போலோ என்ற பட்டாம்பூச்சி ஒன்று பாறைமேல் சிறகை விரித்துக் கிடக்கும். வெள்ளைச் சிறகு, பின்சிறகில் சிவப்புப் பொட்டு, உடம்பை ஒட்டிய இடத்தில் கருமை. சூட்டை உறிஞ்சுவது அந்தக் கருமைதான். உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் போச்சு, பறந்துவிடும். சூரியனை முதுகுக்கு நேர் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில் வைத்து, குனிந்து மெதுவாகப் போங்கள். வெள்ளைச் சிறகு வெளுத்துப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரை (கேமராவில் பதியும் ஒளியின் அளவை) அரை ஸ்டாப் குறையுங்கள்.

மஞ்சள் நிற கோலியாஸ் வகைப் பட்டாம்பூச்சிகள் சிறகை விரிக்கும் என்று காத்திருப்பது வீண். அவை சிறகை மூடி, பக்கவாட்டை வெயிலுக்குக் காட்டித்தான் குளிர்காயும். ஃபிரிட்டிலரி என்ற பட்டாம்பூச்சி வகையில் நேர்மாறான தவறு நடக்கும்: ஆரஞ்சு மேல்புறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்கள். இனம் பிரிக்க உதவும் வெள்ளிப் புள்ளிகள் பெரும்பாலும் அடிப்புறத்தில் இருக்கும். மேல்புறம், அடிப்புறம் இரண்டிலும் ஒரு படமாவது வேண்டும்.

அப்புறம், படத்துக்காகப் பாதையை விட்டு இறங்காதீர்கள். சீடம் போன்ற, தரையோடு ஒட்டி வளரும் செடிகள்தான் அப்போலோ வகைகள் பலவற்றின் புழுக்களுக்குச் சாப்பாடு. மிதித்தால் செடியும் புழுவும் சேர்ந்தே போகும்.

அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைப் பிடித்து டப்பாவில் போட்டுக் குளிரூட்டி எடுக்கிறவர்களும் உண்டு. தேசியப் பூங்காவுக்குள் அது சட்டப்படி குற்றம்.