பித்தளை உறையின் உட்சுவரைக் கம்பியால் சோதியுங்கள்

அமெரிக்காவில் தொலைதூர இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோர், முன்பு வைல்ட்கேட்டாக (தனியார் வடிவமைத்த, தரப்படுத்தப்படாத தோட்டாவாக) இருந்து பின்னர் தரப்படுத்தப்பட்ட .280 ஆக்லி இம்ப்ரூவ்டு தோட்டாவுக்கான துப்பாக்கி அறையில் .280 ரெமிங்டன் தோட்டாவைச் சுட்டு, அதன் பித்தளை உறையின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) 40 பாகைக்கு விரியச் செய்வதுண்டு. அப்போது உறையின் அடி போல்ட் முகப்பில் (அறையைப் பின்னாலிருந்து மூடும் பாகத்தின் முன்பக்கத்தில்) படியாமல் இடைவெளி இருந்தால், முன்பகுதி அறைச்சுவரைப் பற்றிக்கொள்ள, அடி மட்டும் பின்னோக்கி நகர்ந்து, அதற்குச் சற்று மேலே சுவர் மெலிந்துவிடும். வெளியே பளபளக்கும் வளையம் தெரியும்வரை காத்திருப்பது தாமதம் என்றே கருதுகிறேன். முனையை வளைத்துக் கூராக்கிய மெல்லிய கம்பியால் உட்சுவரை அடியிலிருந்து மேல்நோக்கி வருடுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால், உறை எவ்வளவு புதியதாயினும் நசுக்கி எறிந்துவிட்டு, மீண்டும் சுடும் முன் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகப்புக்கும் அறையில் உறை முட்டி நிற்கும் இடத்துக்கும் இடையிலான தூரம்) அளவைத் துப்பாக்கித் தொழில்நுட்பரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.